குதிரையைச் சுட்ட மாப்பிள்ளையும் உயிலை மாற்றிய மாமனாரும்

ராபர்ட் சைல்டு லண்டனில் பெரிய வங்கிக்காரர். டெம்பிள் பார் என்ற கல் வளைவை ஒட்டி இருந்த அவருடைய சைல்டு அண்ட் கோ, இங்கிலாந்தின் மிகப் பழைய வங்கிகளில் ஒன்று. பேரேடுகள் பெருகி வைக்க இடம் போதாமல், அந்த வளைவுக்கு மேலே இருந்த அறையையே வாடகைக்கு எடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். நகரத்துக்கு மேற்கே ஆஸ்டர்லி பார்க் என்ற மாளிகை, ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் கைவண்ணத்தில் புதுப்பித்தது. பெர்க்லி சதுக்கத்தில் இன்னொரு வீடு. இத்தனைக்கும் ஒரே வாரிசு, மகள் சாரா ஆன். 1782இல் அவளுக்கு வயது 17.

அவளை விரும்பியவர் ஜான் ஃபேன், வெஸ்ட்மார்லண்டின் பத்தாவது ஏர்ல். வயது 22. பட்டம் இருந்தது, பரம்பரை இருந்தது. சைல்டு சம்மதிக்கவில்லை. "உங்கள் ரத்தம் நல்லதுதான் பிரபுவே, ஆனால் பணம் அதைவிட நல்லது" என்று சொல்லி அனுப்பிவிட்டதாக ஒரு கதை உண்டு. இன்னொரு கதை இன்னும் பிரபலம். ஒருநாள் விருந்தில் வெஸ்ட்மார்லண்ட் கேட்டாராம்: "ஒரு பெண்ணை மனதார விரும்புகிறீர்கள், அவளுடைய அப்பா மறுக்கிறார். என்ன செய்வீர்கள்?" சைல்டு கொஞ்சமும் யோசிக்காமல், "என்ன செய்ய, கூட்டிக்கொண்டு ஓடிவிட வேண்டியதுதான்" என்றாராம்.

அந்த மே மாதமே இருவரும் ஓடிப்போனார்கள். வடக்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூரை நோக்கி நாலு குதிரை வண்டியில் ஓட்டம். அப்பா துரத்தினார். எல்லையை நெருங்கும்போது அவர் வண்டி கிட்டே வந்துவிட, மாப்பிள்ளை தரப்பு துப்பாக்கியை எடுத்து மாமனாரின் முன்குதிரையைச் சுட்டு வீழ்த்தியது என்பார்கள். வண்டி நின்றது, கல்யாணம் நடந்தது.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் குதிரையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். சைல்டு வீட்டுக்குத் திரும்பி உயிலை மாற்றி எழுதினார். சொத்து மகளுக்கும் கிடையாது, மருமகனுக்கும் கிடையாது, அடுத்த ஏர்லாக வரப்போகிற மூத்த பேரனுக்கும் கிடையாது. அந்தப் பட்டத்தின் நேர் வாரிசு யார் கையிலும் தன் பணம் சிக்காதபடி ஒதுக்கி, அவர்களுக்குப் பிறக்கப்போகிற இளைய வாரிசுக்குப் போகும்படி கட்டினார். ஜூலை கடைசியில் இறந்தும்போனார். மகள் ஓடிப்போய் இரண்டு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது. அவருக்கு வயது 43.

பணக்காரப் பெண், மறுக்கும் அப்பா, சொத்தைத் தேடி வரும் மாப்பிள்ளை என்று மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கதை தானாகப் பிறந்துவிடும். நாடகங்களிலும் நாவல்களிலும் திரும்பத் திரும்ப இதைப் பார்த்துவிட்டு, அப்பா கல்நெஞ்சக்காரர், வந்தவன் அயோக்கியன், பெண் பாவம் என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் இந்த மூன்று பேரையும் அப்படி நடந்துகொள்ள வைத்தது பெரும்பாலும் குணம் இல்லை, சட்டம். அதைத் தெரிந்துகொள்ளாமல் சைல்டின் கோபம் நமக்குப் புரியாது. மகளின் நிலைமை இன்னும் புரியாது.

சட்டம் இதுதான். கல்யாணம் ஆன நிமிடத்தில் பெண்ணின் சட்ட இருப்பு கணவனுக்குள் கரைந்துவிடும். இதற்குக் கவர்ச்சர் என்று பெயர். கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்று 1765இல் வெளிவந்த தன் சட்ட விளக்க நூலில் வில்லியம் பிளாக்ஸ்டோன் எழுதினார். அந்த ஒரே ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவளிடம் இருந்த ரொக்கம், நகை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அன்றே அவனுடையவை. நாளைக்கு அவள் வேலை செய்து கூலி வாங்கினால் அதுவும் அவனுடையது. நிலம் மட்டும் கொஞ்சம் தப்பும், அவள் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. ஆனால் குத்தகைப் பணத்தை அவன்தான் வாங்குவான். உயிரோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அவள் செத்த பிறகும் அவன் ஆயுள் வரைக்கும் அந்த நிலத்தை அனுபவிப்பான். அவளால் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குப் போட முடியாது. சீதனம் என்றால் பெண்ணுக்கே உரியது என்று ஏட்டளவிலாவது கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

இதை ஒரு வங்கிக்காரரின் கண்ணால் பாருங்கள். தலைமுறைகளாகச் சேர்த்த தொழில், மகள் ஒரு வாக்கியம் சொன்னதும் முன்பின் அதிகம் தெரியாத ஒரு மனிதனின் சட்டைப்பைக்குப் போகிறது. அவன் சூதாடினால் அது சூதாட்டப் பணம். அவனுக்குக் கடன் இருந்தால் அது கடன்காரர்களின் பணம். மாப்பிள்ளையின் குணத்தை அப்பா துருவித் துருவி விசாரித்ததற்குக் காரணம் இதுதான். மகளோடு சேர்த்து மொத்தக் கஜானாச் சாவியையும் அவர் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

வருகிற மாப்பிள்ளையின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். மேட்டுக்குடி நிலம் மூத்த மகனுக்கே போகும். மற்ற மகன்கள் அதே வீட்டில், அதே பட்டுச்சட்டையில், அதே குதிரைமேல் வளர்வார்கள். 21 வயதில் அவர்களுக்கு மிஞ்சுவது ராணுவம், தேவாலயம், வக்கீல் தொழில். கடை வைத்தால் கேவலம், கூலிக்கு வேலை செய்தால் அதைவிடக் கேவலம். அப்படிப்பட்டவனுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொள்வதுதான் வாழ்க்கையில் கிடைக்கும் ஒரே பெரிய வருமானம். மூத்தவர்களின் பாடும் எப்போதும் சுகம் இல்லை. நிலம் ஏராளமாக இருக்கும், ஆனால் அடுத்த வாரிசுக்கென்று பத்திரத்தில் கட்டுண்டு கிடக்கும். விற்கவும் முடியாது, கையில் ரொக்கமும் இருக்காது. அதனால்தான் பட்டம் வங்கியைத் தேடி வந்தது. வெஸ்ட்மார்லண்டின் மனதில் காதல் எவ்வளவு, ஆஸ்டர்லி எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவராலேயே சொல்லியிருக்க முடியுமா என்பதும் சந்தேகம்தான்.

சரி, ஏன் கிரெட்னா கிரீன்? 1754க்கு முன்னால் அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. லண்டனில் ஃப்ளீட் சிறைச்சாலையைச் சுற்றி இருந்த சந்துகளில், காசு கொடுத்தால் கேள்வி கேட்காமல் கல்யாணம் செய்துவைக்கும் பாதிரியார்கள் இருந்தார்கள். பணக்காரப் பெண்களைக் குடிக்க வைத்தோ ஏமாற்றியோ அங்கே இழுத்துப் போவார்கள் என்ற பயம் ஊர் முழுக்க இருந்தது. அதைத் தடுக்க 1753இல் நாட்டின் தலைமை நீதி அதிகாரியான லார்ட் சான்சலர் ஹார்ட்விக் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தேவாலயத்தில், முன்கூட்டி அறிவித்து அல்லது லைசென்ஸ் வாங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நடந்தால்தான் கல்யாணம். 21 வயது ஆகாதவர்கள் லைசென்ஸில் கல்யாணம் செய்ய அப்பாவின் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் அது செல்லாது. நாடாளுமன்றத்தில் இதைக் கடுமையாக எதிர்த்தவர் ஹென்றி ஃபாக்ஸ். அவர் 1744இல் ரிச்மண்ட் டியூக்கின் மகளை வீட்டுக்குத் தெரியாமல் மணந்துகொண்டவர். பட்டவருக்குத்தானே வலி தெரியும்.

அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே பையனுக்கு 14, பெண்ணுக்கு 12 வயது ஆகியிருந்தால் போதும், பெற்றோர் சம்மதம் வேண்டாம். சாட்சிகள் முன்னால் நாங்கள் கணவன் மனைவி என்று இருவரும் சொன்னாலே கல்யாணம். இங்கிலாந்திலிருந்து போகும் பாதையில் எல்லை தாண்டியதும் கண்ணில் படும் ஊர் என்பதால் கிரெட்னா கிரீனுக்கு அதுவே பிழைப்பாகிவிட்டது. கொல்லன் பட்டறைதான் மணவறை என்று பெயர் பரவியது, கல்யாணம் செய்துவைத்தவர்களைப் பட்டறைப் பூசாரிகள் என்றே அழைத்தார்கள். 1856இல் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் கூட்டம் குறைந்தது.

ஓடிப்போனால் கல்யாணம் உறுதியாகும், பணம் உறுதியாகாது. இது பலருக்கும் பிடிபடுவதில்லை. அப்பா உயிரோடு இருக்கும்வரை சொத்து அப்பாவுடையது. ஓடிப்போன அன்று சாரா ஆன் கையில் சைல்டு வங்கியின் ஒரு பென்னிகூட இல்லை. பின்னே எந்த நம்பிக்கையில் ஓடினார்கள்? நடந்தது நடந்துவிட்டது, மகளின் மானமும் போய்விட்டது, இனி அப்பா இறங்கித்தானே வர வேண்டும் என்ற கணக்கு. கொஞ்ச நாள் கோபம், அப்புறம் அம்மாவின் அழுகை, நடுவில் ஒரு வக்கீல், கடைசியில் ஒரு செட்டில்மென்ட். ஓட்டம் என்பது பேரத்தின் முதல் வீச்சு. பெரும்பாலான அப்பாக்கள் இறங்கி வந்தார்கள். சைல்டு வரவில்லை. அல்லது வருவதற்குள் ஆயுள் முடிந்துவிட்டது.

அந்த செட்டில்மென்ட்தான் பணக்கார அப்பாக்கள் கையில் இருந்த நல்ல ஆயுதம். பொதுச் சட்டம் மனைவிக்குச் சொத்து கிடையாது என்று சொன்னது. ஆனால் சான்சரி என்ற இன்னொரு நீதிமன்றம், சொத்தை டிரஸ்டிகளின் பெயரில் வைத்து அதன் வருமானத்தை அவளுக்கென்றே தனியாக ஒதுக்கினால் ஏற்றுக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்பே பத்திரம் எழுதுவார்கள். அவள் கைச்செலவுக்கு வருடத்துக்கு இவ்வளவு, விதவையானால் இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு. அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. கணவன் கெஞ்சியோ மிரட்டியோ மனைவியிடமே கையெழுத்து வாங்கிவிட்டால்? முத்தமிட்டோ உதைத்தோ வாங்கிவிடுவான் என்பது அந்தக் கால வக்கீல்களின் பேச்சு. அதை அடைக்க 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லார்ட் சான்சலர் தர்லோ ஒரு வழி கண்டுபிடித்தார். மூலச் சொத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, வரப்போகும் வருமானத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவோ அவளாலேயே முடியாது என்று பத்திரத்தில் எழுதிவிடுவது. கணவனிடமிருந்து காப்பாற்ற அவள் கையையே கட்டிவிட்டார்கள். அன்றைக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது என்பதுதான் எனக்கு மனதை உறுத்துகிறது. இதுவும் வக்கீலுக்குப் பணம் கொடுக்க வசதி உள்ளவர்களுக்கு மட்டும். நெசவுக்காரியும் சமையல்காரியும் பொதுச் சட்டத்தின் கீழேயே கிடந்தார்கள்.

மறுக்க அப்பாவே இல்லாத வீட்டில் என்ன ஆகும் என்பதற்கு கேத்தரின் டில்னி-லாங்கைப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்த சர் ஜோசியா சைல்டு சேர்த்த செல்வம் அவர் குடும்பத்துக்கு வந்திருந்தது. (பெயர் ஒன்றுதான், வங்கிக்கார சைல்டு குடும்பத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அப்பா 1794இல் இறந்தார். சிறுவனான தம்பி 1805இல் இறந்ததும் எல்லாம் கேத்தரினுக்கு வந்தது. பட்டமில்லாத பெண்களில் நாட்டிலேயே பணக்காரி என்று பெயர். பிற்காலத்தில் நான்காம் வில்லியம் என்ற பெயரில் அரசரான கிளாரன்ஸ் டியூக்கே பெண் கேட்டு வந்தார். கேத்தரின் 1812இல் வில்லியம் வெல்லஸ்லி-போல் என்பவரை மணந்தார். வெலிங்டன் டியூக்குக்கு அண்ணன் மகன், அழகன், ஊதாரி.

அந்த மனிதர் மனைவியின் குடும்பப் பெயர்களையும் தன் பெயரோடு கோத்துக்கொண்டார், வருமானத்தையும் வாரி இறைத்தார். பத்தே வருடம். 1822இல் லண்டனுக்குக் கிழக்கே இருந்த வான்ஸ்டெட் மாளிகையின் சாமான்களை 32 நாள் ஏலம் போட்டார்கள். அப்புறம் மாளிகையையே இடித்து, கல்லும் மரமுமாக விற்றார்கள். அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த விலை 10,000 பவுண்டு. 1825இல், 35 வயதில் கேத்தரின் இறந்தார். பிள்ளைகளையாவது அப்பாவிடம் விடாதீர்கள் என்பதுதான் அவருடைய கடைசிக் கவலை. சகோதரிகள் வழக்கு நடத்தி, 1827இல் லார்ட் சான்சலர் எல்டன் அப்படியே தீர்ப்புச் சொன்னார். அப்பாவிடமிருந்து பிள்ளைகளைப் பிரிப்பது அன்றைக்கு மிக அபூர்வம். வான்ஸ்டெட்டில் மாளிகை நின்ற இடம் இன்று கோல்ஃப் மைதானம். புல்வெளிக்கு நடுவே ஒரு பெரிய பள்ளம் மட்டும் இருக்கிறது. அஸ்திவாரம் இருந்த இடம் அது.

பணத்துக்காகப் பெண் தேடுவதை ஒருவன் எவ்வளவு தூரம் கணக்குப் போட்டுச் செய்ய முடியும் என்பதற்கு இன்னொரு வழக்கு இருக்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிறு கலங்கும். எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டு 1816இல், 20 வயதில், எலிசா பேட்டில் என்ற வாரிசுப் பெண்ணோடு ஓடிப்போனவர். எலிசா சான்சரி நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருந்த பெண். அப்படியிருந்தும் பேரம் படிந்து அவருக்கு நல்ல வருமானம் கிடைத்தது. 1820இல் பிரசவத்துக்குப் பின் எலிசா இறந்தார். ஒருமுறை பலித்த வித்தை இன்னொருமுறையும் பலிக்கும் என்று வேக்ஃபீல்டு நம்பினார்.

இரண்டாவது முறை அவர் குறிவைத்தது எலன் டர்னர். வயது 15. அப்பா வில்லியம் டர்னர் பிளாக்பர்னில் துணித் தொழிலில் சம்பாதித்தவர், செஷையரில் ஷ்ரிக்லி ஹால் என்ற வீட்டில் இருந்தார், ஒரே மகள். எலன் லிவர்பூலில் விடுதிப் பள்ளியில் படித்தாள். வேக்ஃபீல்டு அவளை முன்பின் பார்த்ததே கிடையாது.

1826 மார்ச் 7 காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வேலைக்காரன் ஒரு கடிதம் கொண்டுவந்தான். எலனின் அம்மாவுக்குப் பக்கவாதம், உடனே மகளைப் பார்க்க வேண்டும், அவளிடம் விஷயத்தைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று கடிதம். பள்ளிக்காரர்கள் நம்பி அனுப்பிவிட்டார்கள். மான்செஸ்டரில் வேக்ஃபீல்டு வந்து சேர்ந்துகொண்டார். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், உண்மையில் அப்பாவின் தொழில்தான் நொடித்துவிட்டது, அவர் கடன்காரர்களுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறார் என்று கதையை மாற்றினார். மூன்று மாதம் முன்பு, 1825 டிசம்பரில், இங்கிலாந்து முழுக்க வங்கிகள் வரிசையாக விழுந்திருந்தன. வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பயம் தெரியும். என் மாமா ஒரு வங்கிக்காரர், உங்கள் அப்பாவுக்குப் பெரும் தொகை கடன் கொடுத்திருக்கிறார், நீ என்னைக் கட்டிக்கொண்டால் சொத்து உன் வழியாக எனக்கு வரும், அப்பாவின் வீடு பிழைக்கும், உன் அப்பாவும் அதைத்தான் விரும்புகிறார் என்றார்.

இந்தப் பொய் ஏன் எடுபட்டது என்று யோசித்துப் பாருங்கள். மனைவியின் சொத்து கணவனுக்குப் போகும் என்பது அன்றைக்கு 15 வயதுப் பெண்ணுக்கும் தெரிந்த சாதாரண உண்மை. அந்த உண்மைமேல்தான் முழுப் பொய்யும் நின்றது. அப்பாவைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து எலன் சம்மதித்தாள். மறுநாள், மார்ச் 8, கிரெட்னா கிரீனில் கல்யாணம். அங்கிருந்து லண்டன், அப்புறம் கடல் தாண்டி பிரான்ஸில் கலே. சித்தப்பா, மாமா என்று அவள் வீட்டு ஆட்கள் அங்கே போய்க் கண்டுபிடித்தார்கள். நடந்தது அத்தனையும் பொய் என்று தெரிந்ததும் இனி இவரோடு ஒரு அடிகூட வரமாட்டேன் என்று எலன் சொல்லிவிட்டாள்.

டர்னர் மற்ற அப்பாக்களைப் போலப் பேரத்துக்கு வருவார் என்பது வேக்ஃபீல்டின் எதிர்பார்ப்பு. வழக்குப் போட்டார் டர்னர். 1827 மார்ச்சில் லங்காஸ்டரில் விசாரணை. சட்டம் அங்கேயும் குறுக்கே வந்தது. கணவனுக்கு எதிராக மனைவி சாட்சி சொல்ல முடியாது, எலன் இப்போது மனைவி, ஆகவே அவள் வாய் திறக்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. 16 வயதுப் பெண் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னாள். வேக்ஃபீல்டுக்கும் கூட இருந்து உதவிய தம்பிக்கும் ஆளுக்கு மூன்று வருடம் சிறை. கல்யாணத்தை ரத்துசெய்ய நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

எலன் 1828இல் லைம் பார்க் என்ற பெரிய தோட்டத்தின் உரிமையாளர் தாமஸ் லீயை மணந்தாள். 1831இல் பிரசவத்தில் இறந்தாள், 19 வயது. வேக்ஃபீல்டு சிறையிலிருந்தபடியே குடியேற்ற நாடுகள் பற்றி எழுத ஆரம்பித்து, தெற்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் குடியேற்றங்களுக்குத் திட்டம் வகுத்த பெரிய ஆளாக வரலாற்றில் ஏறி, 1862இல் வெலிங்டனில் இறந்தார். அந்தப் புத்தகங்களில் எலன் பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துபோகிறாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுத்த அப்பாக்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சம்மதம் கேட்க வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, பெண்ணின் சம்மதத்துக்கு அதில் எவ்வளவு மதிப்பு என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அப்பாவிடம் இருந்தவை மூன்று: மறுப்பு, செட்டில்மென்ட், உயில். மறுப்பு மகளின் ஆசையைக் கட்டியது. செட்டில்மென்ட் அவள் கையைக் கட்டியது. உயில் அவளைத் தள்ளியே வைத்தது. மாப்பிள்ளையைத் தண்டிக்கத்தான் சைல்டு உயிலை மாற்றினார், ஆனால் வெஸ்ட்மார்லண்டிடம் பட்டமும் நிலமும் பதவியும் இருந்தன, பின்னால் அயர்லாந்தின் வைஸ்ராயாகவும் ஆனார். அப்பா வீட்டை இழந்தவள் சாரா ஆன். 1793இல், 29 வயதில் இறந்தாள்.

இதையெல்லாம்விடக் கொடுமை ஒன்று உண்டு, அது எந்தப் பத்திரத்திலும் இருக்காது. "அவன் உன் பணத்துக்குத்தான் வருகிறான்" என்று அப்பா சொல்லும்போது, உனக்காக யாரும் வரமாட்டார்கள் என்றுதான் மகள் காதில் விழும். அப்பா சொன்னது உண்மையாக இருந்தால் வலி இன்னும் அதிகம். அவள் எப்படிச் சோதித்துப் பார்ப்பாள்? பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இப்போது வா என்று சொல்ல அவளுக்குச் சட்டத்தில் வழியே இல்லை.

அந்த வழி வரத் தொண்ணூறு, நூறு வருடம் ஆனது. கணவனைப் பிரிந்து எழுதிப் பிழைத்த கரோலின் நார்ட்டன், தன் புத்தக வருமானத்துக்கும் கணவன் உரிமை கொண்டாடுவதைப் பொறுக்காமல் 1855இல் அரசிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். 1856இல் பார்பரா லீ ஸ்மித்தும் தோழிகளும் மனைவிக்கும் சொத்துரிமை கேட்டு 26,000 கையெழுத்துகளோடு நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட்டின் அனுபவம் ஒன்று போதும். ரயில் நிலையத்தில் அவர் கைப்பணப்பையை ஒருவன் திருடிவிட்டான். நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகையை வாசித்தபோது, பணப்பையும் அதிலிருந்த ஒரு பவுண்டு பதினெட்டு ஷில்லிங் ஆறு பென்ஸும் ஹென்றி ஃபாசெட்டின் சொத்து என்று எழுதியிருந்தது. ஹென்றி அவருடைய கணவர். தன்னையே திருட்டுக் குற்றம் சாட்டியதுபோல இருந்தது என்று மில்லிசென்ட் பின்னாளில் சொன்னார்.

1870இல் முதல் சட்டம் வந்தது. சம்பாதித்த கூலியும் சிறு தொகைகளும் மனைவிக்கே என்றது. 1882 சட்டம்தான் முழுசாக மாற்றியது. அது அமலுக்கு வந்த 1883 ஜனவரி முதல் நாளிலிருந்து, கல்யாணம் ஆன பெண்ணும் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வழக்குப் போடலாம். 1870 சட்டத்தில், கணவன் மனைவி மக்களுக்காக எடுக்கும் ஆயுள் காப்பீட்டில் அவனுடைய கடன்காரர்கள் கைவைக்க முடியாது என்று ஒரு பிரிவு இருந்தது. அது அப்படியே இந்தியாவின் 1874ஆம் வருடத்து மேரீட் விமன்ஸ் ப்ராப்பர்ட்டி ஆக்ட் (சுருக்கமாக எம்டபிள்யூபி), அதாவது திருமணமான பெண்களின் சொத்துச் சட்டத்தில் ஆறாவது பிரிவாக ஏறியது. இன்றைக்கும் எல்ஐசி ஏஜென்ட், "எம்டபிள்யூபி ஆக்ட்டில் போட்டுடலாமா சார்?" என்று கேட்பது அதைத்தான். அடுத்தமுறை யாராவது அப்படிக் கேட்டால் கரோலின் நார்ட்டனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சைல்டின் உயில் என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஓடிப்போன தம்பதிக்கு 1784இல் மகன் பிறந்தான், அடுத்த ஏர்ல் அவன்தான். 1785இல் ஒரு பெண் குழந்தை, சாரா சோஃபியா. சொத்து அவளுக்குப் போனது. 1804இல் அவள் மணந்தவர் பின்னால் ஜெர்சி ஏர்ல் ஆனார். உயிலின் கட்டு அவ்வளவு இறுக்கமாக இருந்ததால், மனைவிக்குச் சொத்தே கிடையாது என்று சட்டம் சொன்ன அந்தக் காலத்திலேயே, கல்யாணமான ஒரு பெண் லண்டனின் பழம்பெரும் வங்கியில் முதன்மைப் பங்குதாரராக 1806 முதல் 1867இல் இறக்கும்வரை இருந்தார். தாத்தா மகளுக்குக் கொடுக்க மறுத்தது பேத்திக்குக் கிடைத்தது. ஆஸ்டர்லி பார்க்கும் அவர் வழியாக ஜெர்சி குடும்பத்துக்கு வந்து, 1949இல் நேஷனல் டிரஸ்டுக்குப் போனது. இன்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

லேடி ஜெர்சி ஆகிவிட்ட இந்த சாரா சோஃபியா ஊரையே ஆட்டிவைத்த பெண்மணி. ஆல்மாக்ஸ் என்ற நடனக் கூடத்துக்குள் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று முடிவு செய்தவர்களில் ஒருவர். லண்டனில் யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்பது பாதி அங்கேதான் முடிவாகும். அவருக்கு அடேலா என்று ஒரு மகள். 1845இல் அடேலா ஒரு ராணுவ அதிகாரியோடு வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிப் போனாள். போன இடம் கிரெட்னா கிரீன்.